பசளையா, மழையா? பரிசோதனையைத் திட்டமிடும் முறை

(ஹட்டனில் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்குவாதத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு மலைக்குப் புதிய பசளை போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் கொழுந்து கூடுகிறது. புதுப் பசளை வேலை செய்கிறது என்கிறார் ஒருவர். பசளையால் ஒன்றுமில்லை, மழையும் வெயிலும் அளவாகக் கிடைத்தன, அதனால்தான் துளிர்த்தது என்கிறார் இன்னொருவர். அந்த மலை கவ்வாத்து வெட்டி இப்போதுதான் நன்றாக எழும்பி வருகிறது, பசளை போடாவிட்டாலும் கொழுந்து கூடத்தான் செய்யும் என்கிறார் மூன்றாமவர். மூவரும் பல ஆண்டுகள் தேயிலையோடு வாழ்ந்தவர்கள். மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. அப்படியானால் யார் சொல்வதை ஏற்பது? வயதில் மூத்தவரையா? பதவியில் பெரியவரையா? உரக்கப் பேசுபவரையா?

இவர்களுக்கிடையே ஆள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதுதான் பரிசோதனை. நாம் நினைத்தது தவறாக இருந்தால், அந்தத் தவறு மறைந்துகொள்ள இடமில்லாதபடி முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடு அது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இந்த ஒரு வரிதான். கட்டுப்பாடு, மாறி, மீள்செய்கை, எழுமாற்று என்று பாடப்புத்தகத்தில் நீங்கள் மனனம் செய்யும் சொற்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் பகுதிகளே. ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று புரிந்துவிட்டால் மனனம் செய்யத் தேவையே இருக்காது.

இவற்றை விளக்கத் தூர தேசத்து உதாரணங்களைத் தேடி நான் அலையவில்லை. நவீன பரிசோதனை முறையின் வரலாறு தேயிலையோடும் இந்த மலைநாட்டோடும் நெருங்கிப் பிணைந்தது. இது நம் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

எட்டுக் கோப்பைத் தேநீர்

இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விவசாய ஆய்வு நிலையம் இருக்கிறது. 1919 இல் ரொனால்ட் பிஷர் என்ற இளம் கணித அறிஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அல்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானியும் அங்கே இருந்தார். ஒருநாள் மாலை பிஷர் நீட்டிய தேநீரை அவர் வேண்டாம் என்று மறுத்தார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அதன் மேல் தேநீரை ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, ருசி ஒன்றுதானே என்பது பிஷரின் எண்ணம். இல்லை, குடித்துப் பார்த்தே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவேன் என்பது பிரிஸ்டலின் உறுதி. பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச் என்ற இரசாயனவியலாளர், சோதித்தே பார்த்துவிடலாம் என்றார்.

1935 இல் பரிசோதனைத் திட்டமிடல் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், பெயர் எதுவும் சொல்லாமல், இந்தத் தேநீர்ச் சோதனையையே பிஷர் விரிவாக அலசினார். சோதனை இதுதான். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எந்த ஒழுங்கில் கொடுப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது. நான்கும் நான்கும் என்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும்.

ஏன் எட்டு? கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு கோப்பையைக் கொடுத்துக் கேட்டால், ஒன்றும் தெரியாதவர்கூட இரண்டுக்கு ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுவார். அதில் நிரூபணம் எதுவுமில்லை. எட்டிலிருந்து நான்கைத் தெரிவுசெய்ய 70 வழிகள் உண்டு. சேர்மானம் படித்த நீங்கள் இதை இப்போதே கணித்துப் பார்க்கலாம். அந்த 70 இல் ஒன்றுதான் முழுவதும் சரி. குருட்டு ஊகத்தால் அது அமைவதற்கான நிகழ்தகவு 70 இல் 1, அதாவது நூற்றுக்கு ஒன்றரையை விடச் சற்றுக் குறைவு. நான்கையும் ஒருவர் சரியாக எடுத்தால், இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லத் தயங்குவோம்.

மூன்றைச் சரியாக எடுத்து ஒன்றில் தவறினால்? மூன்று சரி என்பதால் கெட்டிக்காரர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நான்கில் மூன்று சரியாக அமையும் வழிகள் 16. முழுவதும் சரியான ஒரு வழியையும் சேர்த்தால் 70 இல் 17. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒன்றும் தெரியாத நான்கு பேர் முயன்றால் அவர்களில் ஒருவர் இந்தளவு சரியாகச் சொல்லிவிடக்கூடும். ஆகவே எட்டுக் கோப்பைச் சோதனையில் ஒரு தவறுகூடச் சான்றைப் பலவீனமாக்கிவிடும். ஒரு தவறுக்கு இடம் கொடுக்க விரும்பினால் கோப்பைகளைக் கூட்ட வேண்டும். எத்தனை கோப்பை, எது வெற்றி, எது தோல்வி என்ற முடிவுகள் எல்லாம் முதல் கோப்பையை வாயில் வைக்கும் முன்பே எடுக்கப்பட வேண்டியவை. முடிவு வந்த பிறகு, மூன்று சரியென்றாலே போதும் என்று விதியைத் தளர்த்தினால் அது சோதனையாகாது.

அடுத்தது குலுக்கல். பால் முதலில் ஊற்றிய நான்கையும் முதலில் தயாரித்து வரிசையாக வைத்தால் அவை கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கோப்பையின் தடிப்பு, சீனியின் அளவு, ஊறிய நேரம் என்று வித்தியாசங்கள் எத்தனையோ. முடிந்தவரை எல்லாவற்றையும் சமமாக்கலாம். ஆனால் நமக்குத் தெரியாத வித்தியாசங்களை எப்படிச் சமமாக்குவது? அங்கேதான் பிஷரின் பெரிய பங்களிப்பு வருகிறது. ஒழுங்கைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், தெரியாத வித்தியாசங்கள் எந்தப் பக்கமும் திட்டமிட்டுச் சாயமாட்டா. அவை செய்யக்கூடிய குழப்பத்தின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். எழுமாற்று என்று நீங்கள் படிக்கும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தலவாக்கலைக்கு வந்த முறை

இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இல் நிறுவப்பட்டது. தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் அது இருப்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே தோமஸ் ஈடன் என்ற விஞ்ஞானி வேலைக்கு வந்தார். அதற்கு முன் அவர் ரொதம்ஸ்டெட்டில் பிஷரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். 1927 இலும் 1929 இலும் பயிர் விளைச்சல் பற்றி இருவரும் கூட்டாக எழுதிய ஆய்வுரைகள் வெளிவந்தன. பிஷரின் புதிய முறை உருவாகிக்கொண்டிருந்த அதே வயல்களில் பழகிய ஒருவர், அந்த அறிவோடு நமது மலைக்கு வந்தார்.

இங்கே அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கற்பனை செய்து பாருங்கள். ரொதம்ஸ்டெட்டில் ஓட்ஸும் உருளைக்கிழங்கும். ஒரு பருவம் விதைத்து அறுவடை செய்தால் அத்தோடு முடிந்தது. நிலமும் பெரும்பாலும் சமதரை. நமது மலையோ சரிவு. உச்சியில் மேல்மண் கழுவப்பட்டுக் கல் தெரியும். கழுவப்பட்ட மண் எல்லாம் பள்ளத்தில் போய்ச் சேரும். ஒரே மலையில், ஒரே நாளில் நட்ட செடிகளில், கீழ்வரிசைச் செடி இடுப்பளவு அகலம் படர்ந்திருக்கும். மேல்வரிசைச் செடி முறம் அளவுகூட இருக்காது. கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். எந்த நிரையில் கூடை சீக்கிரம் நிறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இந்த நிலையில் புதிய பசளையைக் கீழ்ப்பாதிக்கும் பழைய பசளையை மேற்பாதிக்கும் போட்டு ஒப்பிட்டால் என்ன நடக்கும்? புதிய பசளை வெற்றி பெறும். உண்மையில் வென்றது பள்ளத்து மண். இரண்டு காரணங்கள் இப்படிப் பிரிக்கமுடியாமல் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் பரிசோதனை செய்பவருக்கு வரும் முதல் ஆபத்து.

தீர்வு மூன்று படிகளாக வருகிறது. முதலாவது, மலையைச் சரிவுக்குக் குறுக்கே பட்டைகளாகப் பிரிப்பது. உச்சி ஒரு பட்டை, நடு ஒரு பட்டை, பள்ளம் ஒரு பட்டை. ஒரு பட்டைக்குள் மண் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது, ஒவ்வொரு பட்டையையும் சிறு துண்டுகளாக்கி, எல்லாப் பசளைகளும் எல்லாப் பட்டையிலும் இடம்பெறச் செய்வது. அப்போது உச்சியை உச்சியோடும் பள்ளத்தைப் பள்ளத்தோடும் ஒப்பிடலாம். மூன்றாவது, பட்டைக்குள் எந்தத் துண்டுக்கு எந்தப் பசளை என்பதைக் குலுக்கலுக்கு விடுவது. நல்ல செடியாகப் பார்த்து நமக்குப் பிடித்த பசளையைப் போடும் மனித ஆசைக்கு அங்கே வழி அடைபட்டுவிடும்.

இதோடு நிற்கவில்லை. தேயிலை பல்லாண்டுப் பயிர். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரலாறு உண்டு. ஒரு துண்டு ஆரம்பத்திலிருந்தே நன்றாகக் கொழுந்து கொடுக்கும். பக்கத்துத் துண்டு ஆரம்பத்திலிருந்தே மந்தம். ஆனால் இந்தச் சிரமத்துக்குள்ளேயே ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. அதே செடிகள்தான் அடுத்த ஆண்டும் நிற்கப்போகின்றன. ஆகவே பசளை போடுவதற்கு முன்பே, எந்த மாற்றமும் செய்யாமல், ஒவ்வொரு துண்டின் கொழுந்தையும் கொஞ்சக் காலம் நிறுத்துப் பதிந்துவைக்கலாம். பின்னர் பசளை போட்டு மறுபடி நிறுக்கலாம். முதல் நிறையை வைத்து இரண்டாம் நிறையைத் திருத்தினால், செடியின் பழைய சுபாவம் வேறு, பசளையின் விளைவு வேறு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தேயிலை விளைச்சல் பரிசோதனைகளில் ஏற்படும் வழுக்கள் பற்றி ஈடன் எழுதிய விரிவான ஆய்வுரை 1931 இல் வெளிவந்தது. இந்தத் திருத்தும் முறையை விளக்க பிஷர் தமது புள்ளிவிபரவியல் நூலில் எடுத்துக்கொண்ட உதாரணமும் இலங்கைத் தேயிலைத் துண்டுகளின் விளைச்சல்தான். எண்களைக் கொடுத்தவர் ஈடன். உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் படித்த நூல் அது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த அட்டவணையில் எண்கள் இருக்கின்றன, விஞ்ஞானியின் பெயர் இருக்கிறது. ஆனால் துண்டு துண்டாகக் கொழுந்தைப் பறித்து, ஒன்றோடொன்று கலக்காமல் தராசுவரை சுமந்து வந்த கைகள் யாருடையவை என்று அதில் இல்லை. ஒரு துண்டின் கொழுந்து இன்னொரு கூடைக்குள் போயிருந்தால் அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை. தேயிலை ஆராய்ச்சியின் அடித்தளத்தில் தோட்டத் தொழிலாளரின் கவனமும் நேர்மையும் இருக்கின்றன. விஞ்ஞானம் நமக்குப் புதிதல்ல, பிள்ளைகளே. நம் குடும்பங்களின் உழைப்பு அதற்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பெயர் சேரவேண்டியதுதான் பாக்கி. அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

அளவை என்பது தராசு மட்டுமல்ல

நிறுப்பதைப் பற்றிச் சொன்னேன். அது எளிய விடயம் போலத் தெரியும். காலையில் மழையில் நனைந்த கொழுந்தையும் நண்பகல் வெயிலில் பறித்த கொழுந்தையும் ஒரே தராசில் நிறுத்தால், முதலாவதில் இலையோடு தண்ணீரும் நிறுக்கப்படுகிறது. தராசு பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி தவறு. சாதாரணமாக ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. கொழுந்தின் பெரும்பகுதி நீர்தான் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆகவே ஒப்பிடவேண்டிய துண்டுகளை ஒரே நாளில், ஒரே வேளையில் பறிக்க வேண்டும். அல்லது மாதிரி எடுத்து உலர்த்தி, உலர்நிறையை ஒப்பிட வேண்டும்.

எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம், எந்தக் கருவியால் அளக்கிறோம், யார் அளக்கிறார் என்ற நான்கையும் பரிசோதனைக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அளப்பவருக்கு எந்தத் துண்டு எந்தப் பசளை என்று தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. நேர்மையான மனிதரின் கண்கூடத் தான் எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் பார்க்கும்.

கோப்பியை அழித்த நோயிலிருந்து ஒரு பாடம்

தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869 இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி படர்ந்த ஒரு நோய் இலங்கையில் அடையாளம் காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு அது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்துபோயிற்று. நம் முன்னோர் கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். கோப்பி போய்த் தேயிலை வந்தபோது அவர்களின் வாழ்வும் அதோடு சேர்ந்து மாறியது.

1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இந்த நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882 வரை வேலை செய்தார். அவர் வேலை செய்த ஒழுங்கைக் கவனியுங்கள். இலையில் பொடியும் இருக்கிறது, இலை உதிரவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் மட்டும் பொடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே பலவீனப்பட்ட இலையில் பொடி பின்னால் வந்து குடியேறியிருக்கலாம். எனவே அவர் அந்தப் பொடியின் வித்திகளை ஆரோக்கியமான இலைகளில் தாமே தொற்றச் செய்தார். ஈரம் இருக்கும்போது வித்தி முளைப்பதையும், அந்த முளை இலைவாய் வழியாக உள்ளே நுழைவதையும், உள்ளே இழைகள் பரவி மறுபடி செம்மஞ்சள் புள்ளி தோன்றுவதையும் நுணுக்குக்காட்டியில் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். காற்றில் வித்திகள் பரவுகின்றனவா என்று அறியக் கோப்பித் தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து அவற்றில் வந்து படிந்த வித்திகளைப் பார்த்தார்.

அவதானம், கருதுகோள், கருதுகோள் உண்மையானால் என்ன நடக்கவேண்டும் என்ற எதிர்வுகூறல், பிறகு சோதனை. நான்கு படிகளும் இதில் இருக்கின்றன. கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை; நோய் எங்கும் பரவிவிட்டிருந்தது. ஆனால் காற்று தடையின்றி வீசும் பரந்த நிலத்தில் ஒரே பயிரை நெருக்கமாக நட்டால் நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறோம் என்ற அறிவு அந்த ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. பரிசோதனையின் பயன் சில வேளைகளில் அடுத்த பயிருக்கும் அடுத்த தலைமுறைக்கும்தான் போய்ச் சேரும்.

வெயிலுக்குக் கட்டளையிட முடியாதபோது

எல்லாக் கேள்விக்கும் பரிசோதனை செய்ய முடியாது. 1946 இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. இளம் இலையில் முதலில் ஒளி ஊடுருவும் சிறு வட்டப் புள்ளி தோன்றும். பிறகு அது ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் வெள்ளை வெல்வெட் போலக் கொப்புளிக்கும். நாம் பறிக்கும் கொழுந்தையே தாக்குவதால் நஷ்டம் நேரடியானது. மப்பும் மழையுமான நாட்களில் நோய் கூடும், வெயில் அடித்தால் குறையும் என்பதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒரு மலைக்கு வெயிலையும் பக்கத்து மலைக்கு மழையையும் குலுக்கல் போட்டுப் பகிர்ந்தளிக்க யாராலும் முடியாது.

அங்கே வேறு வழி. நாளுக்கு நாள் வெயில் நேரத்தையும் மழையையும் நோயின் அளவையும் பொறுமையாகப் பதிந்து, அவற்றுக்கிடையேயான தொடர்பைக் கணிப்பது. விஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் இலங்கையில் கொப்புள நோய்மேல் வெயிலுக்கும் மழைக்கும் உள்ள செல்வாக்கைப் பற்றி 1961 இல் ஆய்வுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் இருப்பதைப் பெருமையோடு சொல்கிறேன். இத்தகைய ஆராய்ச்சியால்தான் நாட்காட்டியைப் பார்த்து மருந்து தெளிப்பதை விட்டு, வெயில் நேரத்தைப் பார்த்துத் தெளிக்கும் யோசனை வளர்ந்தது.

இத்தகைய அவதானிப்பு ஆய்வில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்கினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டிவைக்கிறதா என்று தேடுங்கள். இங்கே வெயில் அதிகமென்றால் இலையின் ஈரம் குறைவு. ஈரம் குறைந்தால் வித்தி முளைக்காது. காரணத்தின் பாதையை இப்படி ஆய்வுகூடத்திலும் தனியாகச் சோதித்து உறுதிசெய்த பிறகே தொடர்பு அறிவாக மாறுகிறது.

கேள்வி குறுகினால் பதிலும் குறுகும்

நன்கு திட்டமிட்ட பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு ஒன்று உண்டு. அதை ஒழிக்க 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்ட்ரின் என்ற பூச்சிநாசினியைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது. வண்டு குறையுமா என்ற கேள்விக்கு, ஆம் என்ற பதில் சரிதான். ஆனால் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழு வேறு ஒன்று இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழித்துவந்தது. டீல்ட்ரின் குளவிக்கும் எமனானது. குளவி அழிந்ததும் இலைசுருட்டிப் புழு பெருகியது.

வண்டை மட்டும் எண்ணியவருக்கு இது தெரியாது. செடியில் வேறு என்ன நடக்கிறது என்றும் பார்த்தவருக்கே தெரியும். ஆகவே உங்கள் அட்டவணையில் எப்போதும் ஒரு நிரலை வெறுமையாக விடுங்கள். எதிர்பாராமல் கண்ணில் பட்டதை எழுத அது உதவும். அந்த நிரலில்தான் அடுத்த ஆராய்ச்சி பிறக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை

இனி உங்கள் கைக்கு வருகிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் தேநீர் வடித்த பிறகு எஞ்சும் சக்கையை மண்ணில் கலந்தால் போஞ்சிக் கன்று நன்றாக வளருமா? லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் கேள்வி.

முதலில் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். நன்றாக வளருமா என்பது மங்கலான கேள்வி. நான்கு வாரம் கழித்து, சக்கை கலந்த மண்ணில் வளர்ந்த கன்றின் உலர்நிறை, கலக்காத மண்ணில் வளர்ந்ததை விடக் கூடுதலாக இருக்குமா என்று கேளுங்கள். எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு சக்கை, ஈரச் சக்கையா காய்ந்ததா, எந்த வகைப் போஞ்சி, நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, இராகலையில் இருக்கும் ஒரு மாணவி உங்களிடம் எதுவும் கேட்காமல் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும்.

பன்னிரண்டு ஒரே மாதிரிச் சாடிகளை எடுத்து ஆறு சோடிகளாக்குங்கள். ஒவ்வொரு சோடியும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நிற்கட்டும். ஒரு சோடி யன்னலோரம் என்றால் இன்னொன்று கதவோரம் இருக்கலாம்; சோடிக்குள் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் போதும். மலையைப் பட்டைகளாகப் பிரித்ததும் இதற்காகத்தான். சோடிக்குள் எந்தச் சாடிக்குச் சக்கை என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானியுங்கள். சாடிகளுக்கு இலக்கம் மட்டும் இடுங்கள். எந்த இலக்கத்தில் சக்கை இருக்கிறது என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கட்டும். நிறுக்கும் மாணவருக்கு அது தெரியக்கூடாது.

ஏன் ஆறு சோடி? சக்கையால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு சோடியில் சக்கைச் சாடி முந்துவது நாணயம் சுண்டுவது போலத்தான், இரண்டில் ஒன்று. மூன்று சோடியிலும் சக்கை முந்தினால் அது தற்செயலாக எட்டில் ஒரு தடவை நடக்கக்கூடியது. அதை நம்பமுடியாது. ஆறு சோடியிலும் முந்தினால் 64 இல் ஒரு தடவை. எட்டுக் கோப்பைக்குக் கிடைத்த 70 இல் ஒன்றுக்கு இது மிகவும் நெருங்கி வருகிறது. ஐந்தில் முந்தி ஒன்றில் பிந்தினால், ஐந்தும் அதற்கு மேலும் அமையும் வழிகள் 64 இல் 7, அதாவது நூற்றுக்குப் பதினொன்று அளவு. குறிப்பு இருக்கிறது, ஆனால் உறுதி போதாது, மேலும் சோடிகள் வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதற்கு ஒருபோதும் வெட்கப்படாதீர்கள்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாடியில் ஆறு விதை போட்டு, எதிரே இன்னொரு சாடியில் ஆறு விதை போட்டுவிட்டு, எங்களிடம் ஆறு மீள்செய்கை உண்டு என்பார்கள். அந்த ஆறு கன்றுகளும் ஒரே மண்ணை, ஒரே தண்ணீரை, ஒரே மூலையைப் பகிர்கின்றன. அந்தச் சாடிக்கு எலி வந்தால் ஆறுக்கும் ஆபத்து. எத்தனை கன்று இருந்தாலும் அது ஒரு சாடிதான். நாணயத்தை எத்தனை தடவை சுண்டினீர்களோ அத்தனைதான் உங்கள் மீள்செய்கை. இதை மட்டும் நீங்கள் இன்று எடுத்துப் போனாலும் எனக்குத் திருப்தி.

ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்றவேண்டும் என்று படித்திருப்பீர்கள். தொடக்கத்துக்கு அது நல்ல விதி. ஆனால் ஈடனும் பிஷரும் 1929 இல் வெளியிட்ட உருளைக்கிழங்கு ஆய்வில் நைதரசனையும் பொட்டாசையும் ஒரே பரிசோதனையில் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அதேபோல உங்கள் போஞ்சிப் பரிசோதனையிலும், எதுவும் இல்லை, சக்கை மட்டும், பசளை மட்டும், இரண்டும் என்று நான்கு சேர்க்கைகளையும் ஒவ்வொரு தொகுதியிலும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றனவா, தடுக்கின்றனவா என்றும் அறியலாம். பல்கலைக்கழகம் போகும்போது இந்த வழியில் மேலும் நடப்பீர்கள்.

பதிவேட்டின் நேர்மை

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று. செய்முறைப் பரீட்சைக்கு விடை தெரியும் என்பதால் அளவீட்டை விடைக்கு ஏற்பத் திருத்தி எழுதும் பழக்கம் நம் பாடசாலைகளில் இருக்கிறது. புள்ளிக்காகச் செய்கிறோம் என்று நியாயம் சொல்கிறோம். ஆனால் அந்தப் பழக்கம் பரிசோதனையின் உயிரையே எடுத்துவிடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கில் கிலோ குறைந்தால் எவ்வளவு வலிக்கும் என்று நம் வீடுகளுக்குத் தெரியும். பொய் எண்ணின் அநியாயத்தை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் யார்? பேனாவால் எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒரு கோட்டால் வெட்டுங்கள், அழிக்காதீர்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த அளவீட்டையும் அப்படியே வையுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சரியான விடைக்கு அல்லாமல் நேர்மையான பதிவுக்கும் தெளிவான திட்டத்துக்கும் புள்ளி கொடுங்கள்.

தேயிலையைப் பற்றிய கேள்விகள் இன்னும் தீரவில்லை. மழை தவறுகிறது, மண் கழுவப்படுகிறது, வயதான செடிகள் ஓய்ந்துவருகின்றன. தோட்டத்துக்கு வெளியே மரக்கறிப் பாத்தியில், குடிநீரில், லயத்துக் காற்றில், பிள்ளைகளின் உடல்நலத்தில் பதில் தேடும் கேள்விகள் நூறு கிடக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து யாரோ வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு பாடசாலையும் இந்தத் தவணையில் ஒரு கேள்வியைத் தெரிவுசெய்யட்டும். திட்டத்தை முதலில் ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த பாடசாலைக்குக் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லட்டும். குறைகளைத் திருத்திய பிறகே சாடியில் மண் நிரப்புங்கள். தவணை முடிவில் முடிவுகளோடு வாருங்கள். நீங்கள் நினைத்தது பொய்த்திருந்தாலும் வாருங்கள். அந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பேசும் நாளில், பசளையா மழையா என்ற வாக்குவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்த மலைநாட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும்.